தூய கலப்பு இனம்

வீட்டில் கோழி வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் தலைமை எழுத்தருக்கு வந்ததே இல்லை. வந்தது அவர் மனைவிக்கு. கடை முட்டையை உடைத்து ஊற்றியவள், வெளிறிப்போன மஞ்சள் கருவைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள்.

"பின்னாடி இடம் சும்மாதானே கிடக்குது? நாலு கோழி வாங்கிப் போடுங்களேன்."

வேறு யாராக இருந்தாலும் அன்று சாயங்காலமே நாலு கோழியோடு வீடு திரும்பியிருப்பார். இவர் நகராட்சி அலுவலகத்து ஆள். தும்மினால்கூட மேலிடத்தின் ஒப்புதலுக்குப் பிறகு தும்முகிறவர். அதோடு, கண்காணிப்பாளர் பதவி அப்போது காலியாக இருந்தது. அந்த நாற்காலி மேல் அவருக்கு ஒரு கண். போதாக்குறைக்கு, அலுவலகம் முழுக்க அந்தச் சமயத்தில் கோழிப் பைத்தியம் பிடித்திருந்தது.

ஆணையர் ஒரிஜினல் கட்சி. அவருடைய கோழிகள் பெயர்பெற்ற இனவளர்ப்பாளர் ஒருவரிடம் வாங்கியவை. ஒவ்வொன்றுக்கும் பல தலைமுறைச் சான்றிதழ் உண்டு. மற்ற அதிகாரிகள் மேசையில் பிள்ளைகள் படம் இருக்கும் இடத்தில் இவர் மேசையில் ஒரு சேவல் படம் இருந்தது. "இவரோட கொள்ளுத்தாத்தா கண்காட்சியில முதல் பரிசு வாங்கினவர்" என்று எழுந்து நின்று அறிமுகம் செய்வார். அந்தக் கோழிகள் முட்டையிடுமா என்று யாரும் கேட்டதில்லை. மகாராணியைப் பார்த்து, பாத்திரம் தேய்ப்பீர்களா என்று யாராவது கேட்பார்களா?

துணை ஆணையர் ஹேச்சரி கட்சி. மெஷினில் பொரித்து, தடுப்பூசி போட்டு, பெட்டையா சேவலா என்று பிரித்து, அட்டைப்பெட்டியில் வந்து இறங்கிய குஞ்சுகள் அவருடையவை. "ஒரே எடை, ஒரே நிறம், ஒரே நடை. இதுக்குப் பேருதான் நிர்வாகம்" என்பார். எல்லாமே பெட்டை என்று உத்தரவாதம் இருந்தது. ஆனால் அதில் ஒன்று விடிந்தால் கூவியது. அது கூவல் அல்ல, பலத்த கொக்கரிப்பு என்று துணை ஆணையர் எழுத்துமூலம் விளக்கம் கொடுத்திருந்தார்.

கேன்டீனில் ஒரிஜினலுக்கு ஒரு மேசை, ஹேச்சரிக்கு ஒரு மேசை என்றாகிவிட்டது. கோழியே இல்லாதவர்கள் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள்.

தலைமை எழுத்தர் நன்றாக யோசித்து, இரண்டு ஒரிஜினலும் இரண்டு ஹேச்சரியும் வாங்கினார். யார் கேட்டாலும் பாதி உண்மை சொல்லலாமே! வீட்டுக்கு வந்தால், தண்ணீர்த்தொட்டி ஓரமாக ஐந்தாவதாக ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. உடம்பு செம்பட்டை, ஒரு இறக்கை கறுப்பு, கழுத்தில் பாதி இறகு இல்லை, கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

"இது என்ன இனம்?" என்றார் பதறிப்போய்.

"கோழி இனம்" என்றாள் மனைவி. "சலவைக்கடை அம்மா குடுத்தாங்க."

ஒரிஜினல்கள் தரை ஈரமாக இருந்தால் கூண்டை விட்டு இறங்கவில்லை. ஹேச்சரிகள் கொஞ்ச நாள் ஒழுங்காக முட்டையிட்டன. தீவனம் மாறியதும் வேலைநிறுத்தம் செய்தன. ஐந்தாவது மட்டும் தினமும் தொட்டிக்குப் பின்னால் போய், முட்டையிட்டு, ஊருக்கே அறிவித்துவிட்டு வந்தது.

"அதை யார் கண்ணுலயும் காட்டிடாதே. கிராஸ் கோழி வளர்க்கறவன்னு பேர் வந்துச்சுன்னா பதவி போச்சு" என்றார் அவர்.

"ஆம்லெட் சாப்பிடறப்ப அது கிராஸுன்னு தெரியலையா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆணையரும் துணை ஆணையரும் சேர்ந்தே வந்தார்கள். சும்மா டீ குடிக்கத்தான் என்றார்கள். பதவி யாருக்கு என்று முடிவு செய்யத்தான் வந்திருக்கிறார்கள் என்று தலைமை எழுத்தருக்குத் தெரியும். ஐந்தாவதைக் குளியலறையில் வைத்துப் பூட்டச் சொன்னார். மனைவி சாத்தினாள், பூட்டவில்லை.

ஆணையர் ஒரிஜினல்களைப் பார்த்துப் புன்னகைத்தார். துணை ஆணையர் ஹேச்சரிகளைப் பார்த்துத் தலையாட்டினார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பிஸ்கட் துகள் ஒட்டிய கையைக் கழுவ, துணை ஆணையர் குளியலறைக் கதவைத் திறந்தார்.

ஐந்தாவது அவர் கால்களுக்கு நடுவே பாய்ந்து, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, டீ மேசைமேல் ஏறி, இரண்டு அதிகாரிகளுக்கும் நடுவில் நிமிர்ந்து நின்றது.

தலைமை எழுத்தர் சரியப்போன டம்ளர்களைப் பிடித்துக்கொண்டார்.

"அடடா!" என்றார் ஆணையர். "என்ன ஒரு கம்பீரம்! இந்தக் கொண்டையோட சாய்வைப் பாருங்க. இது பழைய பரம்பரை. யார்கிட்ட வாங்கினீங்க?"

"அவர் தன் பேரை வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாருங்க ஐயா."

துணை ஆணையர் தலைமை எழுத்தரைத் தனியே இழுத்தார். "ஹேச்சரியோட புது ரகம்தானே? மார்க்கெட்டுக்கே இன்னும் வரலையே!"

"முன்பதிவு பண்ணினேன் சார்."

டம்ளர்களை எடுக்க வந்த மனைவி இரண்டு பதிலையும் கேட்டாள். "அதுவா? சலவைக்கடை அம்மா குடுத்தது. அதோட அப்பன் யாருன்னு அவங்களுக்கே தெரியாது" என்றாள்.

கோழி பிஸ்கட் தட்டைக் கொத்த ஆரம்பித்தது.

இந்த இடத்தில் சாதாரண மனிதர்கள், தெரியாமல் சொல்லிவிட்டோம் என்று சிரித்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். அதிகாரிகள் அப்படிச் செய்ய முடியாது. மேலதிகாரி ஒருவர் வாய்விட்டுப் பாராட்டிய கோழி தரம் குறைந்ததாக இருக்க வாய்ப்பில்லை. இருவர் பாராட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். எனவே பிழை கோழியிடம் இல்லை, பாராட்டிலும் இல்லை. இனப் பட்டியலில்தான் இருக்கிறது.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. 'தூய கலப்பு இனம்' என்ற புதிய இனம் இதன்மூலம் அங்கீகரிக்கப்படுகிறது. ஏனைய கலப்புகள் யாவும் போலி எனக் கருதப்படும். அந்த இனத்துக்கான இலக்கணத்தை இரு அதிகாரிகளும் ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். கொண்டை இடப்பக்கம் சாய்ந்திருந்தது என்றார் ஆணையர். மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்த துணை ஆணையர், வலப்பக்கம் என்றார். அலுவலக ஒற்றுமை கருதி, 'கொண்டை இருபுறமும் சாய்ந்திருத்தல் வேண்டும்' என்று முடிவாயிற்று. தலைமை எழுத்தருக்குக் கண்காணிப்பாளர் பதவியும், தூய கலப்பு இனத் தனி அலுவலர் என்ற கூடுதல் பொறுப்பும் கிடைத்தன.

ஊரையே அந்தப் பைத்தியம் பற்றிக்கொண்டது. இனவளர்ப்பாளர்கள் பல தலைமுறையாகத் தூய்மை கெடாத கலப்புக் கோழிகளை விற்றார்கள். ஹேச்சரிகள் ஒரே அச்சில் வார்த்த கலப்புகளை அட்டைப்பெட்டியில் அனுப்பின. கொண்டையை நடுவில் வகிடெடுத்து இருபுறமும் சாய்த்துவிடும் ஆட்களுக்கு மூச்சு விட நேரமில்லை. வீட்டுக் கோழியைச் சந்தையில் தள்ளிவிட்டு, சான்றிதழ் வாங்கிய கோழியைக் கூடத்தில் வைத்து விருந்தாளிக்குக் காட்டுவது நாகரிகமாயிற்று. வெயில் பட்டால் நிறம் மங்கும், மண்ணைக் கிளறினால் நகம் தேயும் என்று அவற்றை யாரும் கீழே விடவில்லை.

ஊரிலுள்ள கோழிகள் அத்தனையும் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று உத்தரவு. ஐந்தாவதும் வந்தது. இரு அதிகாரிகள் முன்னிலையில் தனி அலுவலர் அதன் கொண்டையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பக்கம்தான் சாய்ந்திருந்தது.

"என்னய்யா?" என்றார் ஆணையர்.

தனி அலுவலர் கொண்டையிலிருந்து கையை எடுத்தார். காலையில் சாப்பிட்ட ஆம்லெட் இன்னும் வயிற்றில் இருந்தது.

"இதுல... கலப்பு இருக்குங்க ஐயா."

"தூய கலப்பா?"

"இல்லைங்க. வெறும் கலப்பு."

வெளியேற்ற நோட்டீஸை அவரே கொண்டுவந்து கூண்டில் ஒட்டினார். கோழி பசையைக் கொத்திப் பார்த்தது. பிடித்துப்போய், நோட்டீஸையும் தின்றது.

"இது இங்கிருந்து போகணுமாம்" என்றார் மனைவியிடம், தரையைப் பார்த்தபடி.

"யாரு சொன்னா?"

"நான்தான்."

"அப்ப நீங்க போங்க. அது இருக்கட்டும்."

அவர் போகவில்லை. கோழியும் போகவில்லை. சலவைக்கடை அம்மாவிடம் மனைவி இன்னும் சில கோழிகள் வாங்கிவந்தாள்.

இப்போது தினமும் காலையில் அந்த வீட்டின் பின்கதவுக்கு வெளியே ஒரு வரிசை நிற்கிறது. முகத்தைத் துண்டால் மூடியவர்கள், குடையைத் தாழ்த்திப் பிடித்தவர்கள், செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்தவர்கள், எல்லோர் கையிலும் ஒரு கிண்ணம். அங்கீகாரமில்லாத கோழியின் முட்டையைத் தனி அலுவலர் வீட்டுக்குள் உண்பது விதிமீறல் என்பதால், அவரும் முன்கதவு வழியாக வெளியே போய், சுற்றி வந்து, கடைசியில் நிற்கிறார்.

ஒருநாள் வரிசையின் முதல் ஆள் குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தார். "நாலு குடும்மா" என்று கிண்ணத்தை நீட்டினார். அந்தக் குரல் மனைவிக்குப் பழக்கமானது.

"சார், நீங்களா? உங்க வீட்லதான் அத்தனை கோழி இருக்கே?"

"மெதுவாப் பேசும்மா" என்றார் ஆணையர். "அதெல்லாம் கோழி. எனக்கு முட்டை வேணும்."

வரிசையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் கோழி இருந்தது.