பேர் சொல்லக் கூடாத ஏழு பேர்

"ஏய்... நீ! இடது பக்கம் போ!"

மொரேயா கத்தியதும் மைதானத்தில் நாலு பேர் இடது பக்கம் ஓடினார்கள். அதில் இரண்டு பேர் மோதி விழுந்தார்கள்.

"உன்னையில்ல. பக்கத்துல நிக்கிற நீ!"

பக்கத்தில் நின்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கொரோகா மலையில் காலைப் பனி இன்னும் விலகவில்லை. பதின்மூன்று ஆட்டக்காரர்களும் தரையைத் தொடாமல் மிதப்பதுபோல் இருந்தது. அந்த அழகில் சொக்கி நின்றதில், எதற்காகக் கத்தினோம் என்பதே மொரேயாவுக்குக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டது.

அவர் கடற்கரைக்காரர். ரக்பி லீக் அவரை ஊர் ஊராக இழுத்துப் போனது. தன் நாட்டுத் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் மூன்று வருஷம், ஆஸ்திரேலியாவில் இரண்டு, இங்கிலாந்தின் வடக்கே மழை விடாத ஓர் ஊரில் ஏழு. பந்தைக் கக்கத்தில் இடுக்கி, தலையைக் குனிந்து, எதிரே யார் நின்றாலும் போய் முட்டுவதுதான் உத்தியோகம். முழங்கால் ஒத்துழைக்க மறுத்த வருஷம் கொரோகாவின் இருவாச்சி அணி அவரைக் கோச்சாகக் கூப்பிட்டது. மலைக்கு வந்தார். தபிதாவைப் பார்த்தார். கட்டிக்கொண்டார்.

கல்யாணத்தன்றே தபிதா அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "எங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்கு. மாப்பிள்ளையா வந்தவர், பொண்டாட்டி வீட்டாளுங்க பேரை வாயால சொல்லக் கூடாது."

"யார் பேரையுமா?"

"ஒருத்தர் பேரையும் சொல்லக் கூடாது."

மொரேயா மரியாதை தெரிந்தவர். அன்றிலிருந்து சொல்லவில்லை. என்ன, இருவாச்சி அணியில் ஏழு பேர் தபிதாவுக்குத் தம்பி முறை.

நம்பர் சொல்லிப் பார்த்தார். பயிற்சிக்கு ஆளுக்கொரு பழைய ஜெர்சி. மூன்று முதுகில் ஒன்பது இருந்தது.

அடுத்து காய்கறிப் பெயர் வைத்தார். "நீ முட்டைக்கோஸ். நீ சர்க்கரைவள்ளி. நீ பூசணி."

"அத்தான், நான் ஏன் பூசணி?" என்றான் கிமி. தபிதாவின் கடைசித் தம்பி. அணியிலேயே வேகமானவன், அணியிலேயே ஒல்லி.

"பேர்ல என்னடா இருக்கு?"

"அப்ப கேரட்னு வைங்க."

அரையிறுதியில் இது நன்றாகத்தான் போனது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் சந்தை. "முட்டைக்கோஸ் இந்தப் பக்கம்! எல்லாம் இந்தப் பக்கம்!" என்று ஒரு கடைக்காரம்மா கூவ, முட்டைக்கோஸ் பந்தோடு அந்தப் பக்கம் ஓடி வேலியில் சிக்கிக்கொண்டான். இரண்டு புள்ளியில் தப்பித்தார்கள். மறுநாளே ஊர் முழுக்க இருவாச்சி அணிக்கு 'கூட்டு' என்று பேர்.

அணி நிர்வாகத் தலைவர் யோனத்தான், காப்பிக்கொட்டை வியாபாரி, முகம் சிவந்து வந்தார். "இறுதி ஆட்டம் ஞாயித்துக்கிழமை. ரேடியோவுல பேசி மானத்தைக் காப்பாத்துங்க."

ரேடியோவில் வேறு வம்பு காத்திருந்தது. மாமனாரின் பெயர் வின். அந்த நாட்டுப் பேச்சில் அதற்குக் காற்று என்றும் அர்த்தம், ஜெயிப்பது என்றும் அர்த்தம். ஆகவே மொரேயா இரண்டு வருஷமாகக் காற்றைப் பற்றியும் பேசுவதில்லை, வெற்றியைப் பற்றியும் பேசுவதில்லை.

"ஞாயித்துக்கிழமை ஜெயிப்பீங்களா கோச்?" என்று கேட்டது ரேடியோ.

"அதை நான் சொல்லக் கூடாதுங்க."

"சந்தேகமா?"

"சந்தேகமில்ல. வாயால சொல்லக் கூடாது."

"அப்ப தோப்பீங்களா?"

"அந்த வார்த்தையை வேணும்னா தாராளமாச் சொல்லலாம்."

யோனத்தான் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். "தோத்தீங்கன்னா திங்கக்கிழமை வேற கோச்" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

மொரேயா வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்தார். ஆட்டம் இல்லாமல் தான் என்ன ஆவோம் என்று யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை; வெள்ளையாக ஒரு மேகம்தான் தோன்றியது.

தபிதா அவர் தோளில் கைவைத்தாள். "நான் உங்க பக்கத்துல நிக்கிறேன். நீங்க கையைக் காட்டுங்க, நான் பேரைச் சொல்லிக் கத்துறேன்."

ஞாயிற்றுக்கிழமை அப்படியே செய்தார்கள். லே என்ற துறைமுக ஊரின் முதலைகள் அணி எதிரே. மொரேயா விரலை நீட்டுவார், தபிதா "கிமி, உள்ளே போ!" என்பாள். கொஞ்ச நேரத்தில் அவர் விரலை நீட்டுவதற்கு முன்பே கத்தத் தொடங்கினாள். அவர் விரல் வலது பக்கம் போனால் அவள் குரல் இடது பக்கம் போயிற்று. ஆட்டக்காரர்கள் அக்கா சொன்னதைத்தான் கேட்டார்கள். ஆட்டமும் நன்றாகத்தான் போனது.

கடைசி நிமிஷம். இருவாச்சி நாலு புள்ளி பின்னால். மலையிலிருந்து பனி இறங்கி மைதானத்தை மூடியது. பின்னாலிருந்து ஒரு முதலைகள் ரசிகை, "காய்கறிக்காரன் பொண்டாட்டி!" என்றாள்.

"யாருடி அது?" என்று தபிதா கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பந்து நழுவி உருண்டது. கிமிக்கு இரண்டடி பின்னால். அவன் பார்க்கவில்லை. மொரேயா மட்டும் பார்த்தார்.

வழக்கமா, ஆட்டமா? ஒரு மூச்சு நேரம்தான் யோசித்தார். வழக்கத்தை மீறுவது என்று முடிவு செய்தார். வாயைத் திறந்தார்.

பெயர் வரவில்லை.

நாக்கு நுனியில் பனிபோல் ஏதோ வந்தது, கலைந்தது. முன்னோர்கள் தன் நாக்கைப் பிடித்துக்கொண்டார்கள் என்று அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உயிரைக் கொடுத்துக் கத்தினார்.

"மச்சான்!"

ஏழு மச்சான்களும் திரும்பினார்கள். ஏழு பேரும் பந்தைப் பார்த்தார்கள். பனிக்குள்ளிருந்து ஏழு பேர் ஏழு பக்கமாகப் பாய, பந்து யாரிடம் என்று தெரியாமல் முதலைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து விழுந்தார்கள். பனி கொஞ்சம் விலகியபோது, கம்பத்துக்கு நேர் கீழே, கோட்டுக்கு அப்பால் பந்தின் மேல் படுத்திருந்தான் பூசணி. அதற்கு நாலு புள்ளி, பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்ததற்கு இரண்டு; இருவாச்சி ஜெயித்துவிட்டது. யோனத்தான் அழுதுகொண்டே ஓடிவந்து மொரேயாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டார், அதுவும் வலிக்கிற முழங்காலை.

மாமனார் வீட்டில் சூடான கல் அடுக்கிய குழியில் பன்றி வெந்தது. வாழையிலையைப் பிரித்ததும் ஆவி எழுந்து எல்லார் முகத்தையும் மறைத்தது. மொரேயா மாமனார் பக்கத்தில் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்.

"மாமா, ஒரு தப்பு பண்ணப் பார்த்தேன். உங்க வழக்கத்தை மீறி மச்சானைப் பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்துட்டேன். உங்க முன்னோருங்கதான் என் நாக்கைத் தடுத்தாங்க. மன்னிக்கணும்."

கிழவர் கறியை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். சமையல் பக்கம் நின்ற தபிதா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியதைக் கிழவர் கவனிக்கவில்லை.

"எங்க ஊர்ல அப்படி ஒரு வழக்கமே கிடையாதே மாப்ளே, கல்யாணத்தன்னிக்கு, ஆட்டத்துல முட்டி முட்டி அடிபட்ட தலையோட நீங்க எங்க பேரையெல்லாம் மறந்து மறந்து வேர்த்துப்போய் நின்னதைப் பார்த்துட்டு, தபிதாதான் எங்களைப் பந்தலுக்குப் பின்னாடி கூட்டி, 'இன்னியிலேர்ந்து நமக்கு இப்படி ஒரு வழக்கம் உண்டு'ன்னு அழுதுகிட்டே சொன்னா."