மீன்தொட்டிச் சூதாடி

“அப்பா, நேத்து மறுபடியும் பெட்டி வாங்கினீங்களா?”

“இல்லம்மா” என்று சொல்லியிருந்தால் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். லிஃப்ட் மெக்கானிக் அவசரப்படாமல் ஒரு பெருமூச்சு விட்டார்.

“கை கேக்க மாட்டேங்குதும்மா.”

உண்மையில் அவர் வாழ்க்கையில் வாங்கியது ஒரே ஒரு பெட்டி. செல்போனில் மீன்தொட்டி விளையாட்டு ஒன்று வைத்திருந்தார். அதில் அதிர்ஷ்டப் பெட்டி என்று விற்பார்கள். காசைக் கட்டித் திறந்தால்தான் உள்ளே என்ன மீன் என்று தெரியும். கிரீஸ் படிந்த கட்டைவிரல் வழுக்கியதில் ஒன்றை வாங்கிவிட்டார். உள்ளே வெறும் கூழாங்கல்தான் இருந்தது.

மனைவி போனபின் மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுவாள். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டால் பேச்சு தீர்ந்துவிடும். அந்த ஞாயிறு சொல்ல வேறு விஷயமில்லாமல் கூழாங்கல் கதையைச் சொல்லி வைத்தார்.

மகள் பதறிவிட்டாள். மறுநாளும் கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும் கூப்பிட்டாள். திட்டினாள், அழுதாள், சின்ன வயதில் தன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொல்லிக் கெஞ்சினாள். வீட்டில் மனிதக் குரல் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! திருந்திவிட்டதாகச் சொல்ல அவருக்கு மனசே வரவில்லை. வாங்காத பெட்டிகளையெல்லாம் வாங்கியதாகச் சொல்லிக்கொண்டே போனார்.

“இதுக்கு மேல என்னால முடியாது. சூதாட்டத்தை விடறவங்களுக்கு ஒரு சங்கம் இருக்கு. சனிக்கிழமை போங்க. நடத்தற டாக்டர்கிட்ட பேசிட்டேன்.”

“நான் ஆடறது சூதாட்டமான்னே தெரியலையேம்மா.”

“அதை அவங்க சொல்லட்டும். இல்லைன்னு சொல்லிட்டா எனக்கு நிம்மதி. பழையபடி ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்.”

எப்படியாவது சங்கத்தில் சூதாடி என்று பேர் வாங்கிவிட வேண்டும் என்று மெக்கானிக் தீர்மானித்தார்.

சங்கம் கூடுவது ஒரு பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில். நடத்துபவர் அந்தப் பல் டாக்டரம்மா. வாரம் முழுக்க ஆட்களின் வாயில் கருவியை வைத்துப் பேசவிடாமல் செய்கிறவர், சனிக்கிழமை மட்டும் எல்லாரையும் பேசவிடுவார். வந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் குதிரைப் பந்தயத்தில் வீட்டை விட்டவராம். இன்னொருவர் சீட்டாட்டக்காரர், ஆசையை அடக்கிப் பழகுவதற்காகச் சீட்டுக்கட்டைக் கையிலேயே வைத்திருந்தார். நாற்காலி எடுத்துப் போட்ட வரவேற்பறை அம்மாள் ஓரமாக உட்கார்ந்து ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் தன் கதையைச் சொன்னார். குதிரைக்காரர் முகத்தைச் சுளித்தார்.

“பெட்டில வந்த மீனை வித்தா காசு வருமா சார்?”

“வராது.”

“அப்போ ஜெயிக்கிறதுங்கிற பேச்சே இல்ல. காசு குடுத்தீங்க, பொம்மை மீன் வாங்கினீங்க. இது கடை சார், சூதாட்டம் இல்ல. நாங்க வீட்டை விட்டுட்டு உக்காந்திருக்கோம். நீங்க கூழாங்கல்லைத் தூக்கிட்டு வர்றீங்க.”

“உள்ள என்ன இருக்குன்னு தெரியாம காசு போடறாரே” என்றார் சீட்டுக்காரர். பேச்சுச் சூட்டில் கலைக்கப்போக, சீட்டெல்லாம் தரையில் கொட்டின.

டாக்டர் யோசித்தார். “எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. உங்க மகள்கிட்ட கவலைப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லிடட்டுமா?”

மெக்கானிக் எழுந்தே நின்றுவிட்டார்.

“டாக்டர், நான் லிஃப்ட் பாக்கறவன். மூணாவது பட்டனை அமுக்கினா மூணாவது மாடிக்குப் போகணும். ஒரு நாள் அஞ்சுக்கும் ஒரு நாள் மொட்டை மாடிக்கும் போய், எப்பவாவது ஒருக்கா மூணுல நின்னா அதுக்குப் பேர் லிஃப்டா? அதுலயும் ஒவ்வொரு அமுக்கலுக்கும் காசு. அடுத்த தடவை சரியா நிக்கும்னு ஆசை காட்டி அமுக்க வைக்கறான். மீன் வருதோ கல்லு வருதோ, ஆட்டறது அந்த ஆசைதானே? வீட்டை விட்டாத்தான் சூதாட்டம்னா, வீடு போறவரைக்கும் காத்திருந்துட்டு வரட்டுமா?”

குதிரைக்காரருக்கே கண் கலங்கியது. கைதூக்கச் சொன்னார் டாக்டர். மெக்கானிக்கின் கையும் சேர்த்து மூன்று கைகள் எழுந்தன. அது சூதாட்டமேதான் என்று முடிவாயிற்று.

மெக்கானிக் தலைகால் புரியாமல் இருந்தபோது டாக்டர் அங்கேயே மகளுக்குப் போன் போட்டுப் பேசினார். பிறகு அவரிடம் கொடுத்தார்.

“அப்பா, எல்லாம் சொன்னாங்க. இனிமே சங்கம் பாத்துக்குமாம். வீட்டு ஆளுங்க தினம் தினம் நச்சரிச்சா ஆசை இன்னும் அதிகமாகுமாம். அதனால நான் நடுவுல கூப்பிட மாட்டேன். ஞாயித்துக்கிழமை பேசறேன், சரியா?”

“சரிம்மா.”

வாதத்தில் ஜெயித்து மகளைத் தோற்றுவிட்டார். சங்கம் கலையவேண்டிய நேரம் கடந்தும் யாருக்கும் எழுந்து போக மனமில்லை. குதிரைக்காரர் வாரம் இரண்டு முறை கூடலாமே என்று டாக்டரிடம் கேட்டுப் பார்த்தார். டாக்டர் காரில் ஏறியபின் மற்ற இருவரும் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஆளுக்கொரு திசையில் மெதுவாக நடந்தார்கள்.

மெக்கானிக் மட்டும் உட்கார்ந்திருந்தார். வரவேற்பறை அம்மாள் நாற்காலிகளை அடுக்கினாள்.

“என்ன சார், போகலையா?”

“போனா வீடு பூட்டியிருக்கும்மா. நான்தான் திறக்கணும்.” “உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. நான் சூதாடியே இல்ல. பொண்ணு தினம் பேசுவாளேன்னு பொய் சொன்னேன். அந்த ரெண்டு பேரும் நிஜமா நொந்து வந்திருக்காங்க. அவங்க நடுவுல இனி எந்த முகத்தோட வந்து உக்காருவேன்?”

அவள் கடைசி நாற்காலியை அடுக்காமல் அப்படியே விட்டாள்.

“தாராளமா வாங்க சார். குதிரைக்காரர் குதிரையைக் கிட்டத்துல பாத்ததே இல்ல. சீட்டுக்காரருக்குச் சீட்டு கலைக்க நான்தான் இப்போ கத்துக் குடுத்துட்டு இருக்கேன்.”