டிவிடெண்ட் சொன்ன கல்

கல் பேசுகிறது என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னால் பொய்யாகவா இருக்கும்? சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிப்படியில் தொடங்கிய வரிசை, தையற்கடையைத் தாண்டிப் பல் டாக்டர் வாசல் வரை நீண்டிருந்தது. பல்வலிக்காரர் ஒருவர் தவறிப்போய் இதில் நின்றுவிட்டு, விஷயம் தெரிந்ததும் வலியை மறந்து இங்கேயே தங்கிவிட்டார்.

மாடியில் இருந்தவர் கல்காதர். கல் பேசுவது கேட்கும் காதுக்காரர் என்று பட்டம் அவரே கொடுத்துக்கொண்டது. விஷயம் இதுதான்: பூமிக்கடியில் தாது தேடும் கம்பெனி ஒன்று. பதினொரு வருஷமாகத் தேடுகிறது. துளை போடும், உருளை உருளையாகக் கல்லை எடுக்கும், பார்க்கும், உதட்டைப் பிதுக்கும், அடுத்த துளைக்குப் போகும். பங்கு வாங்கியவர்களுக்கு லாபத்தைப் பிரித்து இதுவரை ஒரு காசு டிவிடெண்ட் தந்ததில்லை. எப்போது தரும்? கம்பெனி முதலாளிக்கே தெரியாது. கல்காதருக்குத் தெரியும்! கல்லில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் கல்லே அவரிடம் சொல்லிவிடுமாம். சொன்ன கையோடு, பக்கத்து மேஜையில் அவருடைய மைத்துனர் அந்தக் கம்பெனிப் பங்குகளை விற்பார். கல் பேசுவதற்கும் மைத்துனர் விற்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு வாசல் அந்தப் பக்கம்.

கம்பெனித் துளையிலிருந்து வந்ததாகச் சொல்லும் எல்லாக் கல்லும் சிவப்புத் துணிக்குள் இருக்கும். கல்லுக்குக் கூச்சமாம். வெளிச்சம் பட்டால் வாயைத் திறக்காதாம். கீழ்த்தளத்தில் யாராவது இரும்புக் குண்டைப் போட்டுத் தரை 'தொம்'மென்று அதிரும்போதெல்லாம், கல்தான் பேசுகிறதென்று கூட்டம் சிலிர்த்துப்போனது.

வரிசையில் நின்றவர்களில் ஒருவர் ரொட்டிக்கடைக்காரர். கடையின் ஓவனை விலைபேசி முன்பணமும் வாங்கிவிட்டார். ஏற்றிப்போகக் கடை வாசலில் லாரி வந்து நின்றது. அந்தப் பணம் முழுக்கப் பங்குக்கு. மூச்சிரைக்க ஓடி வந்தாள் அவருடைய தங்கை. கட்டடங்களில் குழாய் போவதற்காகக் கான்கிரீட்டைத் துளைக்கும் கோர் கட்டிங் வேலை அவளுக்கு.

"அண்ணே, ஓவனை வித்துட்டு நாளைக்கு எதுல ரொட்டி சுடுவே?"

"ரொட்டி எதுக்குடி இனிமே? அதான் டிவிடெண்ட் வருதே."

"அந்தக் கம்பெனி என்ன விக்குது?"

"தேடுது."

"தேடட்டும். என்ன விக்குது?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். பழக்கமில்லாத வேலை, நெற்றி சுருங்கியது. "இன்னும் ஒண்ணும் விக்கல."

"விக்காதவனுக்கு லாபம் எங்கேருந்து வரும்? லாபமே இல்லாம உனக்கு எதைப் பிரிச்சுக் குடுப்பான்?"

"கல்லு சொல்லுதுடி! அவருக்குக் கேக்குது!"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவளைப் படிக்க வைத்ததே அந்த ஓவன்தான். பையிலிருந்து, சிவப்புத் துணி சுற்றிய உருளை ஒன்றை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள்.

"இதுவும் துளை போட்டு எடுத்ததுதான். எதுன்னு அவரே சொல்லட்டும். சரியாச் சொல்லிட்டா, நானே ஓவனை லாரியில ஏத்தி விடறேன்."

அண்ணன் ஒப்புக்கொண்டார். மனிதருக்கு அவ்வளவு நம்பிக்கை!

முறை வந்ததும், அண்ணன் நீட்டிய உருளையில் கல்காதர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். கண்ணை மூடினார். புருவம் உச்சிக்கு ஏறியது.

"அடேயப்பா! முந்நூறு அடி ஆழம்... தாமிரம்... அதுக்குப் பின்னாடியே தங்கம்! மூணே மாசத்துல நாற்பது சதவீதம் டிவிடெண்ட்! இப்படி ஒரு கல்லை நான் கேட்டதே இல்லை!"

கூட்டம் மேஜை மேல் விழுந்தது. மைத்துனர் சட்டென்று விலையை ஏற்றினார்.

"எந்த இடத்துக் கல்லுன்னு சொல்லுச்சா?" தங்கை கேட்டாள்.

"வடக்கு மலை, ஏழாவது துளை. தெளிவா சொல்லுதும்மா."

அவள் துணியை உருவினாள். உருளையின் நுனியில் நீலப்பூப் போட்ட டைல்ஸ் பளபளத்தது.

"இது கான்கிரீட்டு. இதே கட்டடத்துல, மேல்மாடி கக்கூஸ்ல முந்தாநாள் நான் போட்ட துளை. ஆழம் ஆறு அங்குலம்."

கல்காதர் அசரவில்லை. "துணியை எடுத்துட்டீங்கள்ல? கல்லுக்குக் கோபம்! உருமாறிடுச்சு!"

"பூப்போட்ட டைல்ஸாவா?"

அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது. அவரே கேட்டார்: "நாற்பது சதவீதம் வரும்னீங்களே, உங்களுக்குன்னு எத்தனை பங்கு வச்சிருக்கீங்க?"

கல்காதர் வாயைத் திறப்பதற்குள் மைத்துனர் முந்திக்கொண்டார். "எங்களுக்கு எதுக்குங்க அந்தக் குப்பை? எல்லாத்தையும் உங்களுக்குத்தானே விக்கறோம்!"

பாவம், அன்றைக்கு அந்த மாடியில் உண்மை பேசிய ஒரே வியாபாரி.

அண்ணன் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து லாரியை அனுப்ப, இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினார். கூட்டம் கல்காதரின் சட்டையைப் பிடித்தது. அந்தக் களேபரத்தில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் மெல்லத் தங்கையிடம் வந்து, காதோடு கேட்டார்:

"ஏம்மா, அந்தக் கக்கூஸ் கல்லுலதானே தங்கம்னாரு? அந்த மேல்மாடிக்காரங்க பங்கு ஏதும் விக்கறாங்களா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யோசிக்கறதை நீங்க ஒருத்தரே செஞ்சுக்கலாம், ஐயா. ஏமாறத்தான், ஏமாத்தறதுக்கு இன்னொரு ஆள் வேணும்."