எட்டாயிரத்து எண்பதாம் கதவு

"இப்ப வருதா மாப்ள?" என்று பாஸ்கரன் போனில் கேட்பது அன்று ஆறாவது தடவை.

"வட்டம்தான் சுத்துது மாமா," என்றான் பர்கூரிலிருந்து மைத்துனன் ஜெகதீஷ். "எவ்ளோ ஆசையா உக்காந்திருந்தோம் தெரியுமா?"

பாஸ்கரன் ஓசூரில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் முப்பது வருடம் தகடு அடித்தவர். அந்தச் சத்தத்துக்குள்ளேயே முப்பது வருடமும் பாடியவர். அங்கே ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. ஓய்வு பெற்றதும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, தான் பாடிய இருநூற்றுப் பதினான்கு பாட்டையும் அதில் ஏற்றினார். 'வருகிற ஞாயிறு பதினோரு மணி முதல் என் பாட்டை எங்கிருந்தும், எந்நேரமும் கேட்கலாம்' என்று சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டும் விட்டார். அவர் மனைவி நிர்மலாவோடு சேர்த்து முப்பத்தெட்டுப் பேரும் கைகூப்பும் படம் அனுப்பினார்கள்.

பாவம், மனிதருக்கு வாழ்நாள் ஆசை. வெளியூர்க்காரர்கள் அந்தக் கம்ப்யூட்டருக்குள் வந்து பாட்டுக் கேட்க ரவுட்டரில் ஒரு கதவு திறக்க வேண்டும். அதற்குப் போர்ட் என்று பெயர். எண் எட்டாயிரத்து எண்பது. ஞாயிறுக்கு இன்னும் ஆறே நாள், அது திறந்தபாடில்லை.

வீடியோ பார்த்து ரவுட்டரில் நாலு இடத்தில் கைவைத்தார். டிவி நின்றுவிட்டது.

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி," என்றாள் நிர்மலா.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார்.

"உங்க தெரு பூரா ஒரே இன்டர்நெட் அட்ரஸ்லதான் வெளிய போவுது சார். தனி அட்ரஸ் வாங்கினாத்தான் உங்க போர்ட் தொறக்கும்."

ஆதார் நகலோடு அவர்கள் ஆபீஸுக்கு ஓடினார். புதன்கிழமை தனி அட்ரஸ் வந்தது. வியாழக்கிழமை ஜெகதீஷைக் கூப்பிட்டால் அதே வட்டம் சுற்றியது.

சரி, பூட்டுதான் தடுக்கிறது என்று முடிவு கட்டி, ரவுட்டரிலும் கம்ப்யூட்டரிலும் இருந்த பாதுகாப்பு எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார். அடுத்த பத்தாவது நிமிடம் கீழ்வீட்டுக் கெம்பம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். வீட்டு ஓனர், இவர் வைஃபையைத்தான் அவளும் வைத்திருக்கிறாள்.

"ஏனப்பா பாஸ்கரா, டிவி போட்டா நீ பாடறே."

"வேற சேனல் மாத்துங்கம்மா."

"மாத்துனேன். அங்கயும் நீதான் பாடறே. எங்க வூட்டுக்காரரு பிபி மாத்திரை போட்டுட்டுப் படுத்துட்டாரு."

ஊருக்குப் போக வேண்டிய பாட்டு, ஒரு மாடி இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. பாஸ்கரனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிறு பத்தரை மணிக்கு இன்டர்நெட் கம்பெனியின் லைன்மேன் ஜுபைர் வந்தான். குரூப்பில் 'காத்திருக்கிறோம் மாமா' என்று வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தது. ஜுபைர் ரவுட்டரைப் பார்த்தான், கம்ப்யூட்டரைப் பார்த்தான், கடைசியில் சுவரைப் பார்த்தான்.

"உங்க பக்கம் எல்லாம் கரெக்டாத்தான் இருக்கு சார்."

"அப்பறம் ஏம்ப்பா தொறக்க மாட்டேங்குது? முப்பத்தெட்டுப் பேர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

ஜுபைர் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டான். நிர்மலா டீயை வைத்துவிட்டு, அவசர வேலை இருப்பதுபோல் மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

"சரி, விடு. அவங்களுக்குக் குடுத்துவைக்கல," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் பாஸ்கரன். "இவ்ளோ தூரம் வந்திருக்கே. நீயாவது கேளு. மொதல்ல நாலு பாட்டு."

நாற்காலியை இழுத்துப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, தொண்டையைக் கனைத்தார். ஜுபைர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

"சார், இருங்க சார், சொல்லிடறேன். புதன்கிழமையே உங்க போர்ட்டைத் தொறந்துட்டோம். அன்னிக்குச் சாயங்காலமே உங்க குரூப்ல இருக்கற அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு ஆபீஸ்ல மனு குடுத்து மூட வெச்சுட்டாங்க, மொதக் கையெழுத்தே டீ குடுத்த அக்காவோடதுதான்."