நான் சேர்க்கச் சொன்ன எடைப் பிரிவு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தெரிந்த விஷயம் என்றால் வாயைத் திறக்கப் பத்து நாள் யோசிப்பேன். தெரியாத விஷயம் என்றால் கருத்து உடனே வந்துவிடும். சமையலோ, கிரிக்கெட்டோ, பக்கத்து வீட்டுக்காரர் போர்வெல் போடுவதோ, எதுவானாலும் "இதுல ஒரு சின்ன மாற்றம் செஞ்சா..." என்று ஆரம்பித்துவிடுவேன். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. குறைத்தவன் பெயர் முத்துப்பாண்டி.

ஏழு வருடத்துக்கு முன்னால் சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். தற்காலிக வேலை. கமிட்டிகளில் சேர்ந்து நாலு பேர் பார்க்கப் பேசினால் நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். (யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.) அப்படித்தான் விளையாட்டுக் கமிட்டிக்குள் புகுந்தேன். அந்த வருடம் சுற்றுவட்டாரக் கல்லூரிகளை அழைத்து எங்கள் கல்லூரியில் நட்புமுறை மல்யுத்தப் போட்டி நடத்த ஏற்பாடு.

கூட்டத்தில் உடற்கல்வி இயக்குநர் அருணாசலம் சார் எடைப் பிரிவுகளை வாசித்தார். ஐம்பத்தேழு, அறுபத்தொன்று, அறுபத்தைந்து என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறி தொண்ணூற்றேழு வரை வந்தார். அடுத்தது நூற்று இருபத்தைந்து என்று சொல்லித் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"சார், தொண்ணூத்தேழுக்கும் நூத்தி இருபத்தஞ்சுக்கும் நடுவுல இருபத்தெட்டு கிலோ இருக்கே?" என்றேன்.

"ஆமா."

"அப்ப நூறு கிலோ உள்ளவன் என்ன செய்வான்?"

"ஒண்ணு, மூணு கிலோ குறைப்பான். இல்லன்னா நூத்தி இருபத்தஞ்சுகாரன்ட்ட அடி வாங்குவான்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தை முதுகில் கட்டிக்கொண்டு ஒருவன் இன்னொருவன்மேல் விழுவது போட்டியா என்று கேட்டேன். கரும்பலகையில் வரைபடம் போட்டேன். எடை சமமானால்தான் போட்டி சமம் என்று அதற்குக் கீழே எழுதிக் கோடும் இழுத்தேன். முதல்வருக்கு வரைபடம் என்றால் பிடிக்கும். "நட்புமுறைப் போட்டிதானே, நூத்திப்பத்து கிலோன்னு ஒரு பிரிவு சேர்த்துக்கோங்க. ரூல்ஸையும் நீங்களே டைப் பண்ணிடுங்க" என்றார்.

நாலு பக்கத்துக்கு விதிகள் அடித்தேன். மல்யுத்த மெத்தையில் இறங்கும் ஒவ்வொருவரும் மல்யுத்த உடை அணிந்திருப்பது கட்டாயம் என்பது மூன்றாவது பக்கத்தில் வந்தது. அதுவரை மல்யுத்தத்தை நான் செல்போனில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

வீட்டில் கோமதியிடம் சொன்னேன். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, பெருமை பேச ஆள் கிடைத்த காலம்.

"நான் சொல்லி ஒரு பிரிவே சேத்திருக்காங்க."

"ஒங்களுக்கு மல்யுத்தம் தெரியுமா?"

"இது கணக்கு. மல்யுத்தம் தெரிய வேண்டிய அவசியம் இல்ல."

"அப்ப நானும் பாக்க வாரேன்" என்றாள்.

புதிய பிரிவால் உண்மையிலேயே சந்தோஷப்பட்டது ஒருவன்தான். எங்கள் கல்லூரியிலேயே மூன்றாம் வருடம் படித்த முத்துப்பாண்டி. குருவிகுளம் பக்கம் ஒரு கிராமம். நூற்று நாலு கிலோ. எவ்வளவு பட்டினி கிடந்தும் தொண்ணூற்றேழுக்கு இறங்க முடியவில்லை. அதனால் இரண்டு வருடமும் மேல் பிரிவில் இறங்கி, நூற்று இருபத்திரண்டு கிலோவில் ஒரு பையனிடம் தோற்று வந்திருக்கிறான். ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று, "சார், இந்த வருசம் ஜெயிச்சிருவேன் சார். எங்கய்யாவையும் வரச் சொல்லிருக்கேன்" என்றான். நாட்டுக்கே சட்டம் எழுதியவன் போலத் தலையை ஆட்டினேன்.

போட்டி நாள் வந்தது. காலையில் எடை பார்த்தார்கள். நூற்றுப்பத்து கிலோ பிரிவில் முத்துப்பாண்டியைத் தவிர ஒருவரும் இல்லை. அழைப்பிதழ் போனதே பத்து நாளைக்கு முன்னால்தான். புதுப் பிரிவு இருப்பது தெரியாமலே மற்ற கல்லூரிகளில் கனமான பையன்கள் எல்லாம் சோற்றைக் குறைத்துத் தொண்ணூற்றேழுக்கு வந்துவிட்டார்கள். அதில் ஒருவனிடம் போய், "தம்பி, புதுப் பிரிவு இருக்கே, வாறியா?" என்று கேட்டேன். இரண்டு நாள் பட்டினி கிடந்தவன் என்னைப் பார்த்த பார்வையில் நான் நாலடி பின்னால் வந்தேன்.

எதிராளி இல்லாவிட்டால் இருப்பவனுக்குத் தங்கம். அருணாசலம் சார் முத்துப்பாண்டியின் கையைத் தூக்கி அறிவித்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் அவன் அப்பா எங்கள் மேசைக்கு வந்தார். மானாவாரிச் சம்சாரி, மழையை நம்பி விவசாயம் செய்கிறவர். அன்றைக்கென்று வெளுத்த வேட்டி கட்டி, சொந்தக்காரர்கள் இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தார்.

"சார்வாள், எம்மவன் ஜெயிச்சிட்டான்னு சொல்லுதிய. யார ஜெயிச்சான்?"

"எதிராளி வரல அண்ணாச்சி. ரூல்படி இவனுக்குத்தான் மொதப் பரிசு" என்றார் அருணாசலம் சார்.

"ரெண்டு வருசமா தோத்துட்டு வந்து வெளிய தல காட்டாம கெடந்தான். இப்ப ஒருத்தனையும் தொடாம மெடல கொண்டு போனா ஊருல கேக்கவங்களுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?"

பின்னாலேயே வந்த முத்துப்பாண்டி, "எனக்கு மெடலு வேண்டாம் சார்" என்றான். அருணாசலம் சாரிடம் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

பேசாமல் இருந்திருக்கலாம். நான்தான் இருக்க மாட்டேனே.

"ஒரு சின்ன மாற்றம் செய்யலாம் சார். எடை ஒத்துவார யாரையாவது இவன்கூட ஒரு ஆட்டம் ஆட விட்டா என்ன? போட்டியிலதான் இருக்கணும்னு இல்லையே."

அருணாசலம் சார் என்னை நிதானமாகப் பார்த்தார். முகத்தில் ஆரம்பித்து வயிற்றுக்கு வந்து அங்கேயே நின்றார்.

"வே, உம்ம எடை எவ்வளவு?"

எடைபோடும் கருவி பக்கத்திலேயே இருந்தது. நூற்று மூன்று கிலோ இருநூறு கிராம். "எண்ணூறு கிராம்தான் வித்தியாசம். இத விடச் சமமா ஆள் கிடைக்குமா வே?" என்றார். முத்துப்பாண்டியின் அப்பா என்னைக் கும்பிட்டார். கும்பிட்ட மனிதரிடம் எப்படி முடியாது என்பது?

கோமதி ஓடி வந்தாள். "எதுக்கு வம்புல போயி மாட்டுதிய?"

"பாவம் அந்தப் பையன்."

அவள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "கண்ணாடியக் கழத்தித் தாங்க" என்றாள்.

பேண்ட் சட்டையோடு இறங்கச் சொன்னார்கள். முத்துப்பாண்டிதான், கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், "ரூல்ல டிரஸ் கட்டாயம்னு போட்டிருக்கிய சார். என்ட்ட இன்னொரு செட்டு இருக்கு" என்றான். போட்டுக்கொண்டேன். இருவருக்கும் எடை ஒன்றுதான். அது இருந்த இடம்தான் வேறு. அவனுக்குத் தோளிலும் தொடையிலும் இருந்ததெல்லாம் எனக்கு நடுவில் இருந்தது. உடம்போடு ஒட்டிய அந்தச் சிவப்பு உடை என் விஷயத்தில் எதையும் மறைக்கச் சம்மதிக்கவில்லை. கைகளை வயிற்றுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு மெத்தைக்கு நடந்தேன். முதல் வரிசையில் என் வகுப்பு மாணவர்கள். (வகுப்பில் கூட இத்தனை பேரை ஒன்றாகப் பார்த்ததில்லை.)

விசில் ஊதினார்கள். கண்ணாடி இல்லாததால் மங்கலாகச் சிவப்பாக ஒன்று என்னை நோக்கி வந்தது. செல்போனில் பார்த்ததை நினைத்து முழங்காலை மடக்கிக் குனிந்தேன். காதருகே முத்துப்பாண்டியின் குரல் பவ்யமாகக் கேட்டது.

"சார், கழுத்த உள்ள இழுத்துக்கோங்க. இடது பக்கமாத் தூக்குதேன்."

தூக்கினான். எங்கள் அரங்கத்து மின்விசிறிகளை அவ்வளவு பக்கத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த கணம் என் இரண்டு தோளும் மெத்தையில். அருணாசலம் சார் மெத்தையை ஓங்கித் தட்டினார், ஆட்டம் முடிந்தது. மொத்தம் பதினோரு வினாடி. அதில் ஆறு வினாடி நாங்கள் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தது.

மூச்சு வரவில்லை. முத்துப்பாண்டியின் அப்பா ஓடி வந்து என்னை நிமிர்த்தி உட்கார வைத்தார். முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"சார்வாள், நெசமாத்தான மோதுனிய? பையனுக்காக விட்டுக் குடுக்கலையே?"

"விட்டுக் குடுக்க எனக்கு நேரமே கெடைக்கல அண்ணாச்சி" என்றேன்.

அவர் சிரித்தார். அன்று முழுவதும் அவர் சிரித்தது அப்போதுதான். துண்டை எடுத்து மகன் கழுத்தில் போட்டு, எல்லோரும் பார்க்க அவனைக் கட்டிக்கொண்டார். முத்துப்பாண்டி தங்கத்தை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று மெடல் செய்து வைத்திருந்தார்கள். வீணாக்க வேண்டாமே என்று அருணாசலம் சார் மைக்கில் என் பெயரையும் வாசித்துவிட்டார். அந்த உடையோடேயே போய் முதல்வர் கையால் வெள்ளி மெடலை வாங்கினேன்.

பதினைந்து நாள் இடுப்பில் தைலம். திங்கட்கிழமை என் வகுப்புக்கு ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். வேலை நிரந்தரமாகவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முதல்வர் சொன்னார், நான் நம்பினேன். இப்போது ஊருக்குள் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். அடுத்த வருடம் அந்தப் பிரிவுக்கு நாலு பையன்கள் வந்ததாக அருணாசலம் சார் போன் செய்து சொன்னார். ஆகவே இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்ற என் கருத்தில் இன்றும் மாற்றமில்லை. எடை சமமானால் போட்டி சமம் என்று கரும்பலகையில் எழுதினேனே, அதைத்தான் அழிக்க வேண்டும்.

அந்த மெடல் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. எந்த விருந்தாளி வந்தாலும் கோமதி அதை எடுத்துக் கையில் கொடுத்து, அவர்கள் என்னை மரியாதையாகப் பார்க்கும்வரை பொறுத்திருப்பாள். மீதியை அதற்குப் பிறகுதான் சொல்வாள். போன மாதம் ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் யாருக்கும் சொல்லாமல் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். சாயங்காலம் கூட்டிவரப் போனபோது அவள் மிஸ் வாசலிலேயே நிறுத்தினார்.

"சார், நீங்க மல்யுத்தத்துல ரெண்டாவது பரிசு வாங்கினவங்களாமே! பாப்பா இன்னைக்குதான் சொன்னா."

நான் அடக்கமாகச் சிரித்தேன். எத்தனை வருடம் கழித்து ஒரு மரியாதை! மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, தன் அம்மா சொல்லிக்கொடுத்த அதே ராகத்தில் முடித்துவைத்தாள்.

"ஆமா மிஸ். ரெண்டு பேர்ல ரெண்டாவது."