கியர் ஆயில் தேர்வுக் குழு

புதுக்கோட்டையில் 'பறிமுதல் வாகனப் பாதுகாப்பு மற்றும் ஒப்படைப்புப் பிரிவு' என்று ஓர் அலுவலகம் இருந்தது. வாகனங்களைப் பாதுகாப்பதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. உள்ளே போன வண்டி காணாமல் போனதாக இன்றுவரை ஒரு புகார் இல்லை. வெளியே வந்ததாகவும் தகவல் இல்லை.

அந்த அலுவலகத்துக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் ஆலங்குடி மோகனப்ரியா வந்து சேர்ந்தாள். கையில் விடுவிப்பு உத்தரவு, முகத்தில் சிரிப்பு. வாசலில் இருந்தவர்கள் உத்தரவைவிடச் சிரிப்பைத்தான் வினோதமாகப் பார்த்தார்கள்.

மோகனப்ரியா வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனிக்குக் கணினி வேலை பார்ப்பவள். அப்பாவுக்குத் தேங்காய் வியாபாரம். கல்யாணத்துக்கு நகை சேர்க்கிறாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தபோது, கோயம்புத்தூருக்குப் போய்ப் பழைய பந்தய ரகக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். சிவப்பு நிறம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். ஆலங்குடிச் சாலையின் வேகத்தடை ஒவ்வொன்றிலும் வயிற்றை உரசி, முனகி, அனுமதி வாங்கிக்கொண்டுதான் கடக்கும். மூன்றாவது கியருக்கு மேல் அவள் போட்டதே இல்லை.

அதற்காகத்தான் கோயம்புத்தூர் பந்தயத் தடத்தில் பெயர் கொடுத்திருந்தாள். சொந்தக் காரைக் கொண்டுவந்து ஆசை தீர ஓட்டிக்கொள்ளலாம் என்று ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அது வருகிற ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறு. அதற்குள் சைலன்சர் சத்தம் என்று சொல்லிக் காரைப் பிடித்துக்கொண்டார்கள். சைலன்சரை மாற்றச் சம்மதித்து, அபராதம் கட்டி, உத்தரவும் வாங்கிவிட்டாள். இனி சாவி ஒன்றுதான் பாக்கி என்று நம்பினாள்.

கார் வேப்பமரத்தடியில் நின்றது. அதன் அடியில் இரண்டு இடங்களில் எண்ணெய் தேங்கி, அதன்மேல் வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது.

"சார், கியர் ஆயில் பூரா ஒழுகிருக்கு! பின்னாடி டிஃபரன்ஷியல் ஆயிலும் போயிருச்சு!"

அலுவலர் ஆத்மநாதன் குனிந்து பார்த்தார். பெல்ட் அனுமதித்த அளவுக்குத்தான் குனிந்தார். "இது இயற்கை ஆவியாதல்ம்மா. வெயில் காலம் பாருங்க."

"ஆவியானா மேலதான சார் போகும்? இது கீழ கெடக்கு."

"அது ஒங்க வண்டியோட சுபாவம்."

தலைமை எழுத்தர் செல்வராணிக்கு உண்மையை மறைக்கத் தெரியாது. இருபது வருடம் அரசுப் பணியில் இருந்தும் அந்தக் குறை நீங்கவில்லை. "சார், போன வாரம் சாலை ஒழுங்கு விழாவுக்குப் பந்தல் போட எடம் வேணும்னு டிராக்டர்ல கட்டி இழுத்தோம்ல? அப்ப அடிக்கல்லு மேல ஏறி எறங்குச்சே" என்றார்.

புதிய வாகனக் கொட்டகைக்காக நட்ட அடிக்கல் அது. கொட்டகை வரவில்லை. கல் மட்டும் கடமை தவறாமல் நின்றிருந்தது. காரின் கியர்பாக்ஸை ஒரு இடி, டிஃபரன்ஷியலை ஒரு இடி என்று இரண்டின் அடைப்பான்களையும் அது பெயர்த்துவிட்டது. இழுத்த டிராக்டரும் பிடித்து வைத்திருந்ததுதான். அரிமளத்துப் பக்கம் விவசாயம் பார்க்கும் முனியசாமிக்குச் சொந்தம். அவர் அதை மீட்க வந்து, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆத்மநாதன் நல்ல மனிதர். அன்றைக்கே ஆளை வரவழைத்து இரண்டு துளையையும் அடைக்கச் செய்தார். ஆயில் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி.

"நானே வாங்கி ஊத்திக்கிறேன் சார். ரெண்டு டப்பா வீட்ல இருக்கு."

"ஆகாதும்மா. 'பெற்ற நிலையிலேயே ஒப்படைக்கப்பட வேண்டும்'னு உத்தரவுல இருக்கு. நாங்கதான் ஊத்தணும். வண்டி இங்கிட்டு வந்தப்ப ஆயில் எத்தன வருசம் ஓடிருந்துச்சு?"

"ரெண்டு வருசம் இருக்கும். மாத்தணும்னுதான் இருந்தேன்."

ஆத்மநாதன் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப நாங்க புது ஆயில் ஊத்த முடியாதுல்ல. பழசக் கொண்டுவந்து விட்டவங்களுக்குப் புதுசு குடுத்தா, அது தனிநபருக்கு அரசு செஞ்ச சலுகை ஆயிரும். ரெண்டு வருசப் பழைய ஆயில்தான் ஊத்தலாம்."

"அதுக்கு எங்க சார் போறது?"

"புதுசு வாங்கி இங்க ரெண்டு வருசம் வச்சிருப்போம்."

"சார், வண்டியில ஓடுனாத்தான் ஆயில் பழசாகும். டப்பாவுல இருந்தா ஆகாது."

"அதப் பத்திக் கவலப்படாதீங்க. இந்த ஆபீசுக்குள்ள வந்தா எதுவும் பழசாயிரும்."

மோகனப்ரியா ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டாள். அழுதால் வேலை நடக்காது, விளக்கினால் நடக்கலாம் என்று விளக்கத் தொடங்கினாள். அதுதான் அவள் செய்த பிழை.

கியர்பாக்ஸுக்கும், பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியலுக்கும் ஒரே ஆயில் ஆகாது என்றாள். முன்னதற்கு ஜிஎல் நான்கு என்ற ரகம், பின்னதற்கு ஜிஎல் ஐந்து. ஐந்தில் கந்தக மருந்து அதிகம். டிஃபரன்ஷியலின் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி அழுத்துவதால் அதற்கு அது தேவை. கியர்பாக்ஸுக்குள் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. கந்தகம் அவற்றை அரித்துவிடும்.

"பித்தளைதானக்கா? புளி போட்டு வெளக்குனா சரியாப் போகும்" என்றார் செல்வராணி, வயதில் பாதியே ஆன மோகனப்ரியாவை மரியாதை மிகுதியால் அக்கா ஆக்கி.

ஆத்மநாதன் வேறு கவலையில் இருந்தார். "ஒரே வண்டிக்கு ரெண்டு ஆயில்னு எழுதுனா தணிக்கையில கேப்பாங்க. நாலரைன்னு ஒண்ணு வாங்கி ரெண்டுலயும் ஊத்துனா என்ன? ரெண்டு தரப்புக்கும் பாதகமில்ல."

"நாலரைன்னு ஒண்ணு கெடையாது சார்!"

"இருக்கான்னு குழு போட்டுப் பாப்போம்."

குழு போட்டார்கள். கியர் ஆயில் தேர்வுக் குழு. விதிப்படி தொழில்நுட்ப உறுப்பினர் ஒருவர் வேண்டும். மாவட்டம் முழுவதும் தேடும் சிரமத்தைத் தவிர்க்க, எதிரில் உட்கார்ந்திருந்த மோகனப்ரியாவையே நியமித்தார்கள். நாற்காலி வந்தது. தேநீர் வந்தது. மேசையில் அவள் பெயருக்கு ஒரு பலகையும் வந்தது. பந்தயக் கார் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆறு மாதமாக ஆயில் பற்றி அவள் எழுதியதற்கெல்லாம் கட்டைவிரல் படம்தான் பதிலாக வந்தது. இங்கே 'மேடம் சொல்வது முற்றிலும் ஏற்புடையது' என்று குறிப்பு எழுதினார்கள். பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்து அதே குழுவுக்கு அனுப்பினாள். அன்று மாலை காரை எட்டிப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டாள். ஆலங்குடி வந்த பிறகுதான் அது உறைத்தது.

அடுத்தடுத்த நாட்களில் அலுவலகமே மாறிப்போனது. ஆத்மநாதன் மதியச் சாப்பாட்டோடு ஆயில் வீடியோ பார்த்தார். செல்வராணி தன் ஸ்கூட்டருக்குப் பந்தய ஆயில் ஊற்றி, சத்தம் குறைந்துவிட்டதாகச் சொன்னார். அது ஸ்டார்ட் ஆகவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தார். எதிர்த்த டீக்கடையில் சைக்கிளில் வந்தவர்கூட ஆயிலின் கெட்டித்தன்மை எழுபத்தைந்து டபிள்யூ தொண்ணூறா, எண்பதா என்று வாதாடினார். மோகனப்ரியா குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள்: இனி எந்த வண்டியும் ஆயில் தரம் சோதிக்கப்படாமல் வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது. ஒருமனதாக நிறைவேறியது.

இரண்டாவது வார வெள்ளிக்கிழமை காலையில் ஆத்மநாதன் வியர்க்க வியர்க்க ஓடிவந்தார். கையில் இரண்டு டப்பாக்கள்.

"அம்மா, சாயங்காலம் மண்டல அதிகாரி ஆய்வுக்கு வாராரு. வளாகம் காலியா இருக்கணுமாம். விதியெல்லாம் நான் பாத்துக்கிறேன். ஆயில் நானே வாங்கியாந்துட்டேன். முன்னாடிக்கு நாலு, பின்னாடிக்கு அஞ்சு. நீங்க சொன்ன அதே நம்பர். ஊத்துங்க, சாவி இந்தாங்க, கெளம்புங்க."

சாவி அவள் உள்ளங்கையில் குளிர்ந்தது. நாளை மறுநாள் ஞாயிறு. இப்போது புறப்பட்டால் இருட்டுவதற்குள் கோயம்புத்தூர் போய்விடலாம். நாலாவது கியர் விழும் சத்தம் காதிலேயே கேட்டது.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எஸ்டர் கலந்த ஆயில் இல்லையே சார்."

"அப்டின்னா?"

"அடிப்படை எண்ணெய் வேற வகை. ஓடும். ஓடாதுன்னு சொல்லல. ஆனா எங்க குழுவுல யாரும் இத மதிக்க மாட்டாங்க."

"எந்தக் குழும்மா? நம்ம குழுவா?"

"வாட்ஸ்அப் குழு சார்."

"ஓடும்னு நீங்களே சொல்றீங்களேம்மா!"

"தொழில்நுட்ப உறுப்பினரா என் ஆட்சேபணையப் பதிவு பண்றேன். நீங்களும் பதில எழுத்துல குடுங்க" என்று சாவியை மேசைமேல் வைத்தாள். ஆத்மநாதன் தன் வாழ்நாளில் முதன்முறையாக, எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் அவருக்கு முனியசாமி நினைவு வந்தது. கடலை போடும் நேரம், உழவு காத்திருக்கிறது. அந்த மனிதராவது போகட்டும். "அண்ணே, ஒங்க டிராக்டர எடுத்துட்டுப் போங்க. ஒரு கையெழுத்தும் வேணாம். அந்த ஆயில வேணும்னா நீங்க வச்சுக்கங்க."

முனியசாமி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். டப்பாவைப் பார்த்தார். மோகனப்ரியாவைப் பார்த்தார்.

"வேணாங்க. படிச்ச புள்ள அதுவே வேணாங்குது, என் தலையில கட்டப் பாக்குறீங்களா? பதினோரு நாளா உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். கண்ட ஆயிலும் பித்தளையத் திங்குமாம்ல! என் டிராக்டருக்கும் அந்த எஸ்டர் வரட்டும். நானும் எழுத்துல தாரேன்."

"உழவு கெட்டுப்போகும்ண்ணே!"

"உழவு வருசா வருசம் வரும்ங்க. கியர்பாக்ஸு போனா வருமா?"

சாயங்காலம் மண்டல அதிகாரி அரவிந்த்குமார் வந்து இறங்கியபோது வளாகம் நிறைந்திருந்தது. செய்தி கேட்டு, தங்கள் வண்டிக்கும் நல்ல ஆயில்தான் வேண்டும் என்று கறம்பக்குடியிலிருந்தெல்லாம் ஆட்கள் மனுவோடு வந்து, மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னய்யா இது கூட்டம்?"

"கருத்துக் கேட்புக் கூட்டம் சார்" என்றார் ஆத்மநாதன்.

அரவிந்த்குமார் கடுகடுவென்று நடந்து மோகனப்ரியாவின் மேசைக்கு வந்தார். பெயர்ப் பலகையைப் படித்தார். குரல் தணிந்தது. சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு குனிந்தார்.

"மேடம், என் வண்டில ரெண்டாவது கியர் விழறப்ப லேசா ஒரு கரகரப்பு. ஆபீஸ்ல யாருக்கும் ஒண்ணும் தெரியல. என்ன ஆயில் ஊத்தலாம்?"

மோகனப்ரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாக்காமச் சொல்ல முடியாது சார். வண்டிய அப்படி மரத்தடியில விட்டுட்டுப் போங்க."

மண்டல அதிகாரி ஆறரை மணி பஸ்ஸில், திருச்சிவரை நின்றுகொண்டே போனார்.