இன்னும் ஒரு சதவீதம்

ஆம்ப்ரோஸ் கீப்பிங் டீக்குக் கெட்டிலை அடுப்பில் வைத்தபோது கம்ப்யூட்டர் திரையில் தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் நின்றிருந்த கோடு, அவர் டின் பால் ஊற்றி டீயைக் குடித்து முடித்த பிறகும் அங்கேயே நின்றிருந்தது. குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். நின்றிருந்தது. ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டுச் சட்டென்று திரும்பினார். அப்போதும் அப்படியேதான்.

"என்னடா, மூச்சு வாங்குதா?" என்று கம்ப்யூட்டரைக் கேட்டார். வீட்டில் பேச்சுக் கொடுக்க வேறு ஆள் கிடையாது.

ஊரிலேயே கிடையாது. கனடாவின் கிழக்கோரத் தீவான நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில் பிளைண்ட் டிக்கிள் என்ற அந்த ஊருக்குச் சாலை வந்ததில்லை. வாரத்துக்கு ஒருமுறை படகு வரும். பனிக்காலம் தொடங்கியதும் மிச்சமிருக்கும் நாலைந்து குடும்பங்களும் மூட்டை கட்டிக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடும். ஜூனில்தான் திரும்பும். ஆம்ப்ரோஸ் மட்டும் அசைய மாட்டார். மனைவி ஊனா போய்ச் சேர்ந்ததிலிருந்து, ஆல்பர்ட்டாவில் இருக்கும் மகன், "தனியா கிடந்து என்ன பண்றீங்க, இங்க வந்துடுங்கப்பா" என்று நச்சரித்துக்கொண்டேயிருந்தான். "எனக்கு இங்க வேலை இருக்குடா" என்று சொல்லி அவன் வாயை அடைத்து வைத்திருந்தார்.

வேலை இருந்தது உண்மை. துறைமுகத்தில் தண்ணீருக்கடியில் ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, திமிங்கிலங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பதிவுசெய்து, நகரத்தில் இருக்கும் கடலாய்வு நிலையத்தின் சர்வருக்கு சாட்டிலைட் வழியாக அனுப்ப வேண்டும். திமிங்கிலங்கள் வாயாடிகள். இந்தப் பருவத்தின் பேச்சு மொத்தமும் சேர்ந்து ஒரு ராட்சத ஃபைலாகியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அது வந்து சேராவிட்டால் வேலையை விரிகுடாவுக்கு அக்கரையில் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடப் போவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். வேலை போனால் ஆல்பர்ட்டாதான். அங்கே கடலே கிடையாது.

நிலையத்தின் உதவி எண்ணை அழுத்தினார்.

"சொல்லு ராசா" என்றது ஒரு பெண்குரல்.

அந்தக் கரையில் பெண்களுக்கு எல்லோரும் ராசாதான். பிஷப்பே வந்து நின்றாலும் ராசாதான். ஆனாலும் ஆம்ப்ரோஸை யாரும் அப்படிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிவிட்டது. அவர் கம்பியில்லாத அந்த ரிசீவரை நன்றாகக் கேட்கிற காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"என் ஃபைல் பாதி வழியில நின்னு போச்சு அம்மணி. பாதி வழியில கூட இல்ல, உங்க வாசப்படியில."

"பேரு?"

"ஆம்ப்ரோஸ் கீப்பிங். பிளைண்ட் டிக்கிள்."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஆங், இதோ" என்றாள். பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "கீப்பிங்னா, நீ யாரு வீட்டுப் பிள்ளை? கோணக்காலு கீப்பிங்னு ஒருத்தர் இருந்தாரே?"

"அது எங்க பெரியப்பா."

"அப்படிப் போடு! எங்க அக்கா கல்யாணத்துல அக்கார்டியன் வாசிச்சவரே அவருதான். நிறுத்தவே மாட்டேன்னுட்டாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அழுதுட்டாங்க. சரி, அங்க இப்ப யாரெல்லாம் இருக்கீங்க?"

"நான் இருக்கேன்."

"உன்கூட?"

"கடல் இருக்கு."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"இல்ல ராசா," என்றாள் பிறகு, "இங்க ஒண்ணும் வந்த மாதிரித் தெரியல. மோடத்தை அணைச்சுப் போட்டு, முதல்லேருந்து திரும்ப அனுப்பு. நாளைக்கு என்னைக் கூப்பிடு. என் பேரு டல்சி."

"வேற யாராவது எடுத்தா?"

"யாரு எடுக்கறா? ஃபோன் பண்றவங்களே இப்ப கிடையாது. பக்கத்து சீட்டுக்காரன் காதுல எதையோ மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். குட் மார்னிங் சொன்னா தலையை ஆட்டுவான். அதோட சரி."

மோடத்தை அணைத்துப் போட்டார். ஃபைல் பூஜ்யத்திலிருந்து கிளம்பி, நாள் முழுக்க ஊர்ந்து, சாயங்காலம் தொண்ணூற்றொன்பதுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் டல்சி, கம்ப்யூட்டர் இடையில் தூங்கிவிடுகிறதோ என்றாள். அவ்வப்போது மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்தால் தூங்காது என்றாள். ஆம்ப்ரோஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கைக்குழந்தைக்குக் காவல் இருப்பதுபோல் உட்கார்ந்து மவுஸை ஆட்டினார். கம்ப்யூட்டர் தூங்கவில்லை, அவர் தூங்கிவிட்டார். அடுப்பில் உப்பு மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் தீய்ந்து கரியாகி, வீட்டில் இருந்த ஒரே பெரிய பானையும் அடியோடு போயிற்று. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். தொண்ணூற்றொன்பது.

"பானை போனா போகுது" என்றாள் டல்சி. "மோடம் இருக்கற கரண்ட் லைன்ல வேற என்ன ஓடுது?"

"ஃப்ரீசர்."

"அதை அணைச்சுட்டு அனுப்பிப் பாரு ராசா."

அணைத்தார். அனுப்பினார். தொண்ணூற்றொன்பது. அந்த எரிச்சலில் ஃப்ரீசரைத் திரும்பப் போட மறந்துவிட்டார். மறுநாளும் அந்தப் பக்கம் போகவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் சமையலறைத் தரையில் காலை வைத்தபோது காலுறை நனைந்தது. குளிர்காலம் முழுவதும் ஓட்டுவதற்காகப் போட்டு வைத்திருந்த பாதி மூஸ் மான் கொழகொழவென்று கிடந்தது.

"டல்சி, பாதி மூஸ் உருகிப் போச்சு!"

"அழுகலையே?"

"இன்னும் இல்ல."

"அப்ப பாட்டில்ல அடைச்சு வேகவெச்சுட வேண்டியதுதான், கெடாம நிக்கும். உன் பெண்டாட்டி அடைச்சு நீ பாத்ததில்லையா?"

"திறந்து சாப்பிட்டிருக்கேன்."

"ஆம்பளைங்க எல்லாரும் ஒரே ரகம்" என்று அலுத்துக்கொண்டாள் டல்சி. "சரி, பாட்டிலை எடு. அடியில ஒரு துண்டு உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பு. அதுக்கு மேல வெங்காயம். அப்புறம் இறைச்சி. மூடி, பாட்டிலோட பானைத் தண்ணியில வெச்சு நல்லா வேகவிடணும்."

"பானைதான் போச்சே."

"துணி வேகவைக்கற தொட்டி இருக்குமில்ல?"

இருந்தது. அந்த வாரத்தின் மிச்ச நாளெல்லாம் ஆம்ப்ரோஸ் ரிசீவரைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மூஸை நறுக்கினார். நடுநடுவே ஃபைலையும் அனுப்பினார்கள். அது தன் வழக்கப்படி நின்றது. டல்சி, நிலையத்தில் தான் உட்காரும் அடித்தள அறையைப் பற்றிச் சொன்னாள். ஜன்னல் இல்லையாம், வெளியே மழையா வெயிலா என்பதை வருகிறவர்களின் மேல்சட்டை நனைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்வாளாம். வருகிறவர்களும் குறைந்துவிட்டார்களாம். வீட்டுக்குப் போனால் டிவியை முதலில் போட்டுவிட்டுத்தான் விளக்கைப் போடுவாளாம். ஆம்ப்ரோஸுக்கு அது புரிந்தது. அவர் ரேடியோவை அணைப்பதேயில்லை.

அந்தச் சமையலறையில் ஊனா போன பிறகு முதல் தடவையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அது தன்னுடையதுதான் என்று தெரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஃபோன் பண்ணுவதற்கு முன்னால் தலை வாரிக்கொள்ளும் பழக்கமும் எப்படியோ வந்துவிட்டது.

"அம்மணி, இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்று ஒருநாள் திடீரென்று நினைவுக்கு வந்து பதறினார்.

"பேராசிரியர்கிட்ட நான் சொல்லிக்கறேன் ராசா. நீ வெங்காயத்தைப் பாரு."

வெள்ளிக்கிழமை போய்விட்டது. பேராசிரியரிடமிருந்து சத்தமே இல்லை. அதுவே ஆம்ப்ரோஸை உறுத்தியது. சத்தம் போடுகிறவர்களாவது பரவாயில்லை என்பது அவர் அனுபவம்.

அடுத்த வாரம் பனிப்புயல் அடித்து ஓய்ந்தது. கூரை விளிம்பிலிருக்கும் சாட்டிலைட் டிஷ்ஷில் பனி ஏறியிருக்கிறதா பார் என்றாள் டல்சி. சற்று நேரத்தில் அவள் மேசை ஃபோன் அடித்தது.

"டல்சி, கூரை மேலேருந்து பேசறேன்."

"அங்க என்னய்யா பண்ற?"

"டிஷ்ல பனி இருக்கான்னு நீங்கதானே பாக்கச் சொன்னீங்க?"

"ஜன்னல் வழியா பாக்கச் சொன்னேன்! வயசு என்ன ஆகுது உனக்கு? முதல்ல இறங்கு."

"ஏணி எனக்கு முன்னாடியே இறங்கிடுச்சு."

கீழே பனியில் ஏணி மல்லாந்து கிடந்தது. காற்று காதைப் பிய்த்தது.

"அப்படியே அசையாம இரு. யாரையாவது கூப்பிடு" என்றாள் டல்சி.

ஆம்ப்ரோஸ் சுற்றிலும் பார்த்தார். கூரை மேலிருந்து ஊர் மொத்தமும் தெரிந்தது. ஒரு வீட்டுப் புகைபோக்கியிலும் புகை இல்லை. ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது. படகுத்துறைக்குப் போகும் பாதையில் அவருடைய காலடித் தடத்தைத் தவிர வேறு தடமே கிடையாது.

"யாரை?" என்றார்.

 டல்சி கொட்டகைப் பக்கம் பனி குவிந்திருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றார். எவ்வளவு உயரம் என்றாள். ஓர் ஆளை மூடும் என்றார். அப்படியானால் குதி, ஃபோனை மட்டும் விட்டுவிடாதே என்றாள். ஆம்ப்ரோஸ் கண்ணை மூடிக்கொண்டு குதித்தார்.

"ராசா? ராசா! இருக்கியா? பேசுய்யா!"

"இருக்கேன்" என்றது பனிக்குள்ளிருந்து ஒரு குரல். "தொப்பிதான் எங்க போச்சுன்னு தெரியல."

டல்சி திட்டத் தொடங்கினாள். கிழட்டுக் குரங்கு என்றாள். மூளை இருக்க வேண்டிய இடத்தில் காட் மீன் இருக்கிறது என்றாள். குரல் நடுங்கியது. ஆம்ப்ரோஸ் இடுப்பளவு பனியில் புதைந்தபடி ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்காக இப்படிப் பதறித் திட்ட ஆளில்லாமல் எத்தனை நாள் போயிற்று!

திட்டி முடித்தபின் டல்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "போதும் ராசா, இந்த விளையாட்டு போதும். நாளைக்கு ஒரே ஒரு தடவை அனுப்பு. அது வந்துடும். நான் உன் புகார்க் கேஸை மூடிடறேன்."

"எப்படித் தெரியும் வந்துடும்னு?"

"வந்துடும்யா. மூடிடறேன்." அவள் குரலில் கொஞ்சமும் சந்தோஷமில்லை.

மறுநாள் வானம் பளிச்சென்று இருந்தது. டிஷ்ஷில் பனி இல்லை. காற்றுகூட ஒத்துழைத்தது. ஃபைல் ஜம்மென்று ஏறியது. ஆம்ப்ரோஸ் அதைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். மேசையில், அலமாரியில், ஜன்னல் விளிம்பில் எல்லாம் மூஸ் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஃபைல் போய்விட்டால் வேலை தப்பிக்கும். ஆனால் கேஸ் மூடிவிடும். கேஸ் இல்லாமல் எதைச் சொல்லிக்கொண்டு அந்த எண்ணைக் கூப்பிடுவது? வெங்காயம் எவ்வளவு போடவேண்டும் என்று ஜூன் வரைக்குமா கேட்டுக்கொண்டிருக்க முடியும்?

தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது.

ஆம்ப்ரோஸ் எழுந்து போய் மோடத்தின் வயரைத் தன் கையாலேயே பிடுங்கினார்.

பிடுங்கிய பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. உட்கார்ந்தார். ஆல்பர்ட்டாவை நினைத்தார். இந்த வயதில் இப்படி ஒரு கோமாளித்தனம் செய்ததற்காக ஊனா இருந்திருந்தால் அடுப்புக் கரண்டியை எடுத்திருப்பாள். ஆனால் ஊனா இருந்திருந்தால் இது நடந்தேயிருக்காது. அது அவருக்கு மறுக்கமுடியாத வாதமாகப் பட்டது. எலி வயரைக் கடித்துவிட்டது என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, ஃபோன் பண்ணினார்.

"ம்?" என்றது ஓர் ஆண்குரல்.

ஆம்ப்ரோஸ் திடுக்கிட்டார். "டல்சி இல்லையா?"

"பல்லு பிடுங்கப் போயிருக்காங்க. நாளைக்குத்தான் வருவாங்க. என்ன விஷயம்?" பின்னால் பாட்டுச் சத்தம் மெலிசாகக் கேட்டது. பக்கத்து சீட்டுக்காரன்.

"ஃபைல் விஷயம். ஆம்ப்ரோஸ் கீப்பிங், பிளைண்ட் டிக்கிள். இந்தத் தடவையும் வரல. எலி வந்து வயரை…"

"ஒரு நிமிஷம்." விசைகளைத் தட்டும் சத்தம். "திமிங்கிலமா? அது முதல் தடவையே முழுசா வந்துடுச்சே சார். பேராசிரியர் கேட்டு முடிச்சு, அடுத்த வருஷத்துக்கும் உங்களையே போட்டாச்சு. சாட்டிலைட் லைன்ல எல்லாருக்கும் இப்படித்தான். ஃபைல் வந்துடும், 'வந்துடுச்சு'ன்னு இங்கேருந்து திரும்பி வர்ற பதில்தான் வழியில தொலைஞ்சுடும். கோடு தொண்ணூத்தொம்பதுலயே நிக்கும். யாராவது கூப்பிட்டா டல்சி ஒரே வார்த்தையில அதைச் சொல்லி வெச்சுடுவாங்க."

 சீப்பு இன்னும் ஆம்ப்ரோஸின் கையிலேயே இருந்தது.

பாட்டுச் சத்தம் நின்றது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான் போலிருக்கிறது.

"அது சரி சார், அப்ப இத்தனை நாளா அவங்க உங்ககிட்ட ஃபோன்ல சிரிச்சுச் சிரிச்சு என்னதான் பேசிக்கிட்டிருந்தாங்க?"